வரிசையில் நின்ற பாலங்கள்

பாலத்தைக் கடக்கிறவர்கள் பாலத்தைப் பற்றி நினைப்பதில்லை. ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் ஓரத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், "தண்ணீர் ஓடுகிறதா?" என்று உள்ளே இருப்பவர்கள் கேட்பார்கள். அந்த விசாரணையெல்லாம் ஆற்றைப் பற்றியதுதான். நம்மையும் நம் மூட்டை முடிச்சுகளையும் தாங்கிக்கொண்டு நிற்கிற தூணைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், என் தம்பி மகன் எனக்கு ஒரு தெருவைக் காட்டும் வரையில்.

அவன் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில், ஓக்லண்ட் என்னும் நகரத்தில் இருக்கிறான். எஞ்சினீயர். பழைய பாலங்களைப் பரிசோதித்து, பூகம்பம் வந்தால் தாங்குமா தாங்காதா என்று சொல்வது அவன் உத்தியோகம். நான் அங்கே போய் இறங்கிய மறுநாளே, "கோல்டன் கேட் பாலத்தைப் பார்க்க வேண்டும்" என்றேன். அமெரிக்கா போனவன் அந்தச் சிவப்புப் பாலத்துக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்பினால், ஊரில் யார் நம்புவார்கள்?

"அது எங்கேயும் ஓடிப் போகாது, பெரியப்பா. முதலில் பாலம் இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வருவோம்" என்று சொல்லிக் காரில் ஏற்றிக்கொண்டு போனான்.

போய் நின்ற இடம் ஓர் அகலமான வீதி. மண்டேலாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். வீதியின் நடுவே நெடுக மரங்கள், புல், நடைபாதை. ஒரு கிழவர் நாயை நடத்திக்கொண்டு போனார். ஓரிடத்தில் ஞாபகார்த்தமாக ஒரு சிறு பூங்கா. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"இங்கே என்னடா இருக்கிறது?"

"என்ன இருந்தது என்று கேளுங்கள், பெரியப்பா."

இருந்தது என்னவென்றால், ஒரு மாடி ரோடு. ரோட்டுக்கு மேலே ரோடு, அதற்கு மேலே இன்னொரு ரோடு. ஸைப்ரஸ் பாலம் என்று அதற்குப் பெயர். 1957-ல் திறந்தார்கள். நீக்ரோ மக்கள் மிகுதியாக வாழ்ந்த மேற்கு ஓக்லண்டை இரண்டாக வகிர்ந்துகொண்டு அது முப்பத்திரண்டு வருஷம் நின்றது. 1989-ம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி மாலை 5 மணி 4 நிமிஷத்துக்கு அது நிற்பதை நிறுத்திவிட்டது.

அன்று என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், பதினெட்டு வருஷம் பின்னுக்குப் போக வேண்டும். இந்தக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

1971 பிப்ரவரி 9. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு வடக்கே ஸான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கு. காலை ஆறு மணி. ஊர் இன்னும் சரியாக விழிக்கவில்லை. 6.6 அளவுள்ள பூகம்பம். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டிடம் இடிந்து இறந்தவர்கள். பாலங்கள் விழுந்ததால் இறந்தவர்கள் இரண்டே பேர். சிறு லாரி ஒன்றில் போய்க்கொண்டிருந்தார்கள். மேலே இருந்த பாலம் அவர்கள் மேல் விழுந்தது. இரண்டே பேர் என்றது விடியற்காலையின் தயவு. இரண்டு மணி நேரம் கழித்து வந்திருந்தால் கணக்கு வேறு.

விழுந்த பாலங்கள் பழசும் அல்ல. சில அப்போதுதான் கட்டியவை. சில இன்னும் கட்டி முடியாதவை. புதிய பாலம் ஏன் விழுந்தது? எஞ்சினீயர்கள் கூடிப் பார்த்தார்கள். பூகம்பம் பாலத்தைப் பக்கவாட்டில் தள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் எவ்வளவு பலமாகத் தள்ளும் என்ற கணக்கில்தான் கோளாறு. பாலத்தின் எடையில் நூற்றுக்கு ஆறு பங்கு பக்கவாட்டில் தள்ளினால் தாங்கவேண்டும் என்பது ஸைப்ரஸ் பாலத்தைக் கட்டிய காலத்துக் கணக்கு. 1971 பூகம்பத்திலோ, பக்கோய்மா அணைக்கட்டில் வைத்திருந்த கருவி, பூமியின் ஈர்ப்பையும் மிஞ்சிய வேகத்தில் நிலம் பக்கவாட்டில் உதறியதைப் பதிவு செய்தது. ஆறு எங்கே, நூறு எங்கே!

இரண்டு குறைகளைக் கண்டுபிடித்தார்கள். இரண்டையும் எனக்குப் புரியும்படி தம்பி மகன் சொன்னான். நான் உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் குறை, தளத்தில். நீளமான பாலம் என்பது ஒரே பலகை அல்ல. வெயிலில் நீளவும் குளிரில் சுருங்கவும் இடம் வேண்டும் என்பதற்காகத் துண்டு துண்டாகக் கட்டியிருப்பார்கள். ஒரு துண்டின் நுனி அடுத்த துண்டின் விளிம்பிலே சில அங்குலந்தான் உட்கார்ந்திருக்கும். வீட்டுப் பரணில் பலகையின் நுனி சுவர் விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிறதே, அதுபோல. வீட்டை உலுக்கினால் பலகை நழுவும். கீழே நிற்பவன் தலையில் விழும்.

இரண்டாவது குறை, தூணில். வீடு கட்டுகிற இடத்தில் கம்பி கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நெட்டுக்குத்தாகக் கனமான கம்பிகளை நிறுத்தி, அவற்றைச் சுற்றி 'ரிங்' என்று சொல்லும் மெல்லிய வளையங்களை வரிசையாகக் கட்டுவார்கள். பார்வைக்கு அந்த வளையங்கள் என்னவோ கம்பிகள் சாயாமல் இருக்கக் கட்டிய கயிறு மாதிரிதான் இருக்கும். தூணின் உயிர் அவற்றில் இருக்கிறது. பூகம்பத்தில் தூண் இப்படியும் அப்படியும் வளையும்போது மேல்பூச்சு உதிர்ந்துவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் கான்கிரீட்டை இறுகப் பிடித்து வைத்திருக்க வேண்டியது வளையங்கள்தான். கலிபோர்னியாவின் பழைய பாலங்களில் அரை அங்குலக் கம்பியை ஓர் அடிக்கு ஒரு வளையமாகக் கட்டியிருந்தார்கள். ஆட்டம் வந்ததும் வளையம் வாயைத் திறந்தது. சாக்கின் தையல் பிரிந்து அரிசி கொட்டுவதுபோல் தூணின் வயிற்றிலிருந்து கான்கிரீட் கொட்டியது.

புதிதாகக் கட்டும் பாலங்களுக்கு விதிகளை மாற்றிவிட்டார்கள். வளையங்களை நெருக்கிக் கட்டு என்றார்கள். அது சுலபம். ஏற்கெனவே கட்டி, மேலே லட்சக்கணக்கான வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான பாலங்களை என்ன செய்வது?

பணம் குறைவு, பாலங்கள் அதிகம். ஆகவே குறைந்த செலவில் அதிக உயிரைக் காப்பாற்றும் வேலையை முதலில் செய்வது என்று தீர்மானித்தார்கள். தளத் துண்டுகளை உருக்கு வடத்தால் ஒன்றோடொன்று பிணைத்து, நழுவாமல் செய்வதுதான் அந்த வேலை. தூண்களுக்கு என்ன வைத்தியம் என்று அப்போது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரிந்தாலும் அதற்குப் பணம் இல்லை. தூண்கள் பிறகு என்று வைத்துக்கொண்டார்கள். சுமார் 1,260 பாலங்களுக்கு வடம் கட்டினார்கள். ஆன செலவு ஐந்தரைக் கோடி டாலருக்குச் சற்று மேல். பிடித்த காலம் பதினெட்டு வருஷம். வேலை முடிந்த வருஷம் 1989.

ஆம், அதே வருஷந்தான்.

ஸைப்ரஸ் பாலத்துக்கும் 1977-ல் வடம் கட்டினார்கள். புத்தகத்தில் அதன் பெயருக்கு எதிரே வேலை ஆயிற்று என்று எழுதியிருப்பார்கள் அல்லவா?

அக்டோபர் 17-ந் தேதி பூகம்பம் பிறந்த இடம் அங்கிருந்து அறுபது மைல் தெற்கே, லோமா பிரீட்டா என்ற மலைச் சிகரத்துக்கு அருகில். 6.9 அளவு. பதினைந்து விநாடி ஆட்டம். அறுபது மைல் தாண்டி வருவதற்குள் அதன் வேகம் தணிந்திருக்க வேண்டும். ஆனால் ஸைப்ரஸ் பாலத்தின் வடபகுதி விரிகுடாவின் சேற்று மண்மேல் நின்றது. சேறு ஆட்டத்தைப் பெருக்கிக் கொடுத்தது. மேல் தளத்தைத் தாங்கிய தூண்கள் கீழ்த்தளத்தோடு கூடுகிற மூட்டில் போதுமான வளையங்கள் இல்லை. மூட்டு பிளந்தது, ஒன்றேகால் மைல் நீளத்துக்கு மேல் ரோடு கீழ் ரோட்டின்மேல் படுத்தது. கெட்டியான நிலத்தில் நின்ற தென்பகுதி விழவில்லை. அதே எஞ்சினீயர்கள், அதே கம்பி, அதே வடம். மண் மட்டும் வேறு.

நாற்பத்திரண்டு பேர் அங்கே மாண்டார்கள். அந்தப் பூகம்பத்தில் இறந்தவர்கள் மொத்தமே அறுபத்து மூன்று பேர். சாதாரண நாளாக இருந்தால் அந்த நேரத்துக்கு இரண்டு தளங்களிலும் வண்டிகள் நகரமுடியாமல் நெருங்கி நிற்கும். அன்று விரிகுடாவின் இரு கரையிலும் உள்ள இரண்டு ஊர்க் கட்சிகளுக்குள் 'பேஸ்பால்' இறுதிப் பந்தயம். ஜனங்கள் ஆட்டம் பார்ப்பதற்காகச் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு விளையாட்டு எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்று யார் எண்ணிச் சொல்ல முடியும்?

முதலில் உதவிக்கு ஓடியவர்கள் அக்கம்பக்கத்துச் சேரி ஜனங்கள். ஏணியும் கயிறும் எடுத்துக்கொண்டு, இன்னும் அதிர்ந்துகொண்டிருந்த தளத்தின்மேல் ஏறிப் போனார்கள். அவர்களுடைய வீடுகளை இடித்து, தெருக்களைத் துண்டித்துக் கட்டிய பாலம் அது. அதில் போய்க்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். அதையெல்லாம் யோசித்துப் பார்க்க அவர்களுக்கு நேரம் இல்லை. நான்காவது நாள் ஒரு மனிதரை உயிரோடு வெளியே எடுத்தார்கள். அவர் ஒரு மாதம் போராடி இறந்தார்.

இவ்வளவையும் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. நான் கதை எழுதுகிறவன். நாற்பத்திரண்டு பேர் சாவதற்கு ஒரு வில்லன் வேண்டாமா?

"யாரடா குற்றவாளி? லஞ்சம் வாங்கிய கண்டிராக்டரா? சிமெண்டில் மணல் கலந்தவனா?"

"ஒருவனும் இல்லை, பெரியப்பா. எல்லாம் அந்தக் காலத்து விதிப்படி ஒழுங்காகக் கட்டியதுதான்."

"பின்னே?"

"வரிசைதான்" என்றான்.

அவன் சொன்னதன் பொருள் எனக்கு அப்போது முழுதும் விளங்கவில்லை. பிற்பாடு விளங்கியது.

கவர்னர் ஒரு விசாரணைக் குழு நியமித்தார். தலைவர் ஜார்ஜ் ஹவுஸ்னர். பூகம்ப எஞ்சினீயரிங் என்ற சாஸ்திரத்துக்கே தந்தை என்று சொல்லத்தக்கவர். 1990-ல் அவருடைய குழு கொடுத்த அறிக்கைக்கு, 'காலத்தோடு போட்டி' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். சர்க்கார் அறிக்கைகளில் இவ்வளவு நல்ல தலைப்பை நான் பார்த்ததில்லை. அடுத்த பூகம்பம் புறப்பட்டுவிட்டது; எப்போது வந்து சேரும் என்று தெரியாது; அதற்குள் நாம் முடிக்க வேண்டும் என்பதுதான் அறிக்கையின் சாரம்.

தூணுக்கு வைத்தியமும் அதற்குள் கையில் வந்திருந்தது. ஸான் டியாகோவில் உள்ள சர்வகலாசாலையில் பிரீஸ்ட்லி என்ற நியூஸிலாந்துக்காரரும் ஸைபிள் என்பவரும் பழைய முறைப்படியே பெரிய தூண்களைக் கட்டி, ராட்சத ஜாக்கிகளால் அவற்றை இப்படியும் அப்படியும் தள்ளித் தள்ளி உடைத்துப் பார்த்தார்கள். பிறகு அதே மாதிரித் தூணுக்கு உருக்குத் தகட்டால் ஒரு சட்டை போட்டுத் தள்ளினார்கள். தூண் வளைந்தது, நெளிந்தது, உடையவில்லை.

நம்முடைய கட்டை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிறார்களே, ஏறக்குறைய அதே தந்திரம். சக்கரத்தின் மரத் துண்டுகள் தனித்தனியே பலமுள்ளவைதான். பட்டை இல்லாவிட்டால் பத்து மைல் போவதற்குள் பிரிந்துவிடும். தூணுக்கு இரண்டு அரைவட்டத் தகடுகளைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் வைத்து, நெட்டுக்குப் பற்றவைத்து, தூணுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் சிமெண்டுக் கூழை ஊற்றுகிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்பு கட்டாமல் விட்ட வளையங்களை இப்போது வெளியிலிருந்து கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து கிடைத்துவிட்டது. எந்த நோயாளிக்கு முதலில் கொடுப்பது? இங்கேதான் வரிசை வருகிறது. ஒவ்வொரு பாலத்துக்கும் மார்க் போட்டார்கள். எந்த வருஷம் கட்டியது? பூமியின் பிளவு எவ்வளவு தூரம்? கீழே பாறையா, சேறா? எத்தனை வண்டி போகிறது? விழுந்தால் சுற்றிப்போக வேறு வழி உண்டா? ஒற்றைத் தூணில் நிற்கிறதா, பல தூண்களிலா? ஒற்றைத் தூண் பாலங்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். பல தூண் இருந்தால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்பது யோசனை. நியாயமான யோசனைதான்.

1994 ஜனவரி 17, காலை 4 மணி 31 நிமிஷம். லாஸ் ஏஞ்சல்ஸில் நார்த்ரிட்ஜ் பகுதியில் 6.7 அளவுள்ள பூகம்பம். ஏழு பாலங்கள் விழுந்தன. அவற்றில் ஐந்து, பலப்படுத்த வேண்டிய பாலங்களின் பட்டியலில் இருந்தவை. பட்டியலில் பெயர் இருந்தது, முறை வரவில்லை. மற்ற இரண்டும், பரிசோதித்துப் பார்த்து, பரவாயில்லை என்று விட்டவை.

விழுந்ததில் ஒன்று 1971-ல் கட்டுமானத்தின்போது விழுந்த அதே சந்திப்பைச் சேர்ந்தது. பழைய வரைபடப்படியே கட்டி முடித்திருந்தார்கள். அதன் தூண்களில் குட்டையானது ஒன்று. நெட்டைத் தூண் வளைந்து கொடுக்கும். குட்டை விறைத்து நின்று சுமையெல்லாவற்றையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும். ஆகவே அதுதான் முதலில் போயிற்று. சில நிமிஷம் கழித்து, பூகம்பக் கடமைக்காக மோட்டார் சைக்கிளில் விரைந்து வந்த ஒரு போலீஸ்காரர், இருட்டில் பாலம் அறுந்திருப்பது தெரியாமல் அந்த விளிம்பிலிருந்து கீழே போய்விட்டார். அந்தச் சந்திப்புக்கு இன்று அவர் பெயர்தான்.

இதே பூகம்பத்தில் இன்னொரு சமாசாரம் நடந்தது. அதைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. பலத்த ஆட்டம் கண்ட பிரதேசத்தில், தூணுக்குச் சட்டை போட்டு முடித்த பாலங்கள் பல இருந்தன. அவற்றில் ஒன்றாவது விழவில்லை. விழாத பாலத்தைப் படம் பிடிக்க எந்தப் பத்திரிகைக்காரன் போவான்?

விழுந்த பாலத்துக்கு மட்டும் பணம் பஞ்சமில்லாமல் வந்தது. ஸான்டா மோனிகா ரோட்டில் விழுந்த பாலங்களைத் திரும்பக் கட்ட 140 நாள் கெடு வைத்தார்கள். கெடுவுக்கு முன்னால் முடித்தால் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு லட்சம் டாலர் பரிசு என்றார்கள். கண்டிராக்டர் இரவு பகலாக வேலை வாங்கி 66 நாளில் முடித்துவிட்டார். பரிசுத்தொகை மட்டும் ஒன்றரைக் கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவு. 1,260 பாலங்களுக்கு வடம் கட்டப் பதினெட்டு வருஷத்தில் செலவிட்டது ஐந்தரைக் கோடி என்று சொன்னேன் அல்லவா? டாலரின் மதிப்பு நடுவில் குறைந்ததை ஒப்புக்கொண்டாலும் அந்த இரண்டு தொகைகளும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. விழுந்த பிறகு 66 நாளில் முடிகிற காரியம், விழுவதற்கு முன்னால் ஏன் பதினெட்டு வருஷம் ஆகிறது?

அடுத்த வருஷம் அதே ஜனவரி 17-ந் தேதி, ஜப்பானில் கோபே நகரத்தில் பூகம்பம். 635 மீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பால ரோடு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. பூகம்பத்தோடு பிறந்து வளர்ந்த தேசத்திலும் பழைய தூண்களுக்கு அதே வியாதி இருந்தது.

கலிபோர்னியா ஜனங்கள் பிறகு சும்மா இருக்கவில்லை. 1996 மார்ச்சில், பாலங்களைப் பலப்படுத்துவதற்கு 200 கோடி டாலர் கடன் வாங்கலாம் என்று ஓட்டுப் போட்டுச் சம்மதம் கொடுத்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாலங்களுக்கு வைத்தியம் நடந்தது. ஸைப்ரஸ் பாலத்தைப் பழைய இடத்தில் திரும்பக் கட்டக்கூடாது என்று மேற்கு ஓக்லண்ட் ஜனங்கள் போராடினார்கள். ரோடு ஊரைச் சுற்றிக்கொண்டு ரயில் யார்டுகளின் ஓரமாகப் போயிற்று. பாலம் நின்ற இடத்தில்தான் இப்போது மரங்கள் நிற்கின்றன.

ஆனாலும் ஒன்று பாக்கி இருந்தது. ஓக்லண்டையும் ஸான் பிரான்ஸிஸ்கோவையும் இணைக்கிற பெரிய விரிகுடாப் பாலம், 1936-ல் திறந்தது. 1989-ல் அதன் மேல்தளத்தில் ஐம்பது அடித் துண்டு ஒன்று கீழ்த்தளத்தில் விழுந்து ஒருவர் இறந்தார். துண்டை மாற்றி ஒரு மாதத்தில் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். கிழக்குப் பாதியைப் பலப்படுத்துவதைவிடப் புதிதாகக் கட்டுவதே மேல் என்று பின்னால் முடிவாயிற்று. புதிய பாலம் எந்த அழகில் இருக்க வேண்டும், எந்தப் பக்கமாகப் போக வேண்டும், பணம் யார் கொடுப்பது என்று ஊருக்கு ஊர் சண்டை. புதிய பாலம் 640 கோடி டாலர் செலவில் முடிந்து திறந்தது 2013 செப்டம்பரில். விழுந்த நாளிலிருந்து இருபத்து நாலு வருஷம்! அதுவரையில் தினமும் சுமார் இரண்டரை லட்சம் வண்டிகள் பழைய பாலத்தில்தான் போய்வந்தன.

என் தம்பி மகன் 2001-ல் அங்கே போய்ச் சேர்ந்தவன். அவன் ஆபீஸ் அக்கரையில். பன்னிரண்டு வருஷம், தினம் இரண்டு தடவை, பழைய பாலத்தில்தான் போய்வந்தான்.

"உனக்குத்தான் அது ஆபத்து என்று தெரியுமே! கண்ணை மூடிக்கொண்டா கடந்தாய்?"

"கண்ணைத் திறந்துகொண்டுதான், பெரியப்பா. கார் ஓட்டுகிறவன் நான் அல்லவா?" என்று சிரித்தான். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குழந்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு போகிற நாளில் மட்டும், தளம் சேருகிற அந்த இடம் வந்ததும் கொஞ்சம் வேகமாகப் போவேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்குத் தெரியும்" என்றான்.

அப்போதுதான் அவன் 'வரிசை' என்று சொன்னது எனக்கு முழுதும் புரிந்தது. அறியாமையால் விழுந்த பாலங்கள் 1971-ல் விழுந்தவைதான். அதற்குப் பிறகு விழுந்த பாலங்களில் பெரும்பாலானவை, தெரிந்ததற்கும் செய்ததற்கும் நடுவில் இருந்த இடைவெளியில் விழுந்தன. வரிசை போட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். கையில் இருந்த பணத்துக்கு அவர்களால் முடிந்த நியாயத்தைச் செய்தார்கள். ஆனால் வரிசை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், மெதுவாக நகர்ந்தால் கடைசியில் நிற்கிறவனுக்கு அது அநியாயந்தான். அதைச் சீக்கிரம் நகர்த்தும் சக்தி எஞ்சினீயர்களிடம் இல்லை. பாலத்தில் போகிற நம்மிடந்தான் இருக்கிறது. நாம் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

திரும்பும் வழியில் ஒரு சாதாரண மேம்பாலத்தின் அடியில் காரை நிறுத்தினான். தூண்கள் வழவழவென்று சாம்பல் வர்ணம் பூசி நின்றன. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நெட்டுக்குத் தகட்டைப் பற்றவைத்த தழும்பு ஒன்று தெரிந்தது. விரல் கணுவால் தட்டினேன். கெட்டியாக இருந்தது. "இதை ஒரு படம் எடு" என்றேன்.

கோல்டன் கேட் பாலத்தையும் பிறகு பார்த்தேன், படமும் எடுத்துக்கொண்டேன். ஊருக்கு வந்ததும் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்து மகிழ்ந்தார்கள். அடுத்த படம் வந்ததும் என் மனைவி, "இது என்ன, அங்கேயும் தண்ணீர்த் தொட்டி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டீர்களா?" என்று கேட்டாள்.

"தொட்டி இல்லை. ஒரு பாலத்தின் கால். வரிசையில் அதன் முறை வந்துவிட்டது" என்றேன்.